வண்டி நின்ற பிறகு கொஞ்ச நேரம்

எங்கள் பாவடித் தெருவுக்கு முதலில் வந்தது மதுரையில் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரி வாசல்தான், கடலெல்லாம் பிறகு வந்தது. என் வீட்டுக்காரர் அழகுராஜா அங்கே சவாரி இறக்கிவிட்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்து, எப்போதும் போலத் தெருமுனையில் காரை நிறுத்தி, சாவியைத் திருப்பி, சோறு தின்ன வீட்டுக்குள் வந்துவிட்டார். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த புதுக் கேமராவில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அந்த விளக்கு எரிகிற வரைக்கும் காரின் மூக்குக்கு முன்னால், சாக்கடையும் தெருக்குழாயும் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கட்டில் அகலத்துக்கு அந்த ஆஸ்பத்திரி வாசல் கிடந்தது, இளநீர் வண்டியும் வாட்ச்மேன் நாற்காலியும், தூக்குவாளியோடு குந்தியிருந்த யாரோ ஒருவரும், அவருடைய இருமலும் சேர்த்து.

தண்ணீர் பிடிக்க வந்த எதிர்வீட்டுப் பூமயில் மதினி குடத்தை இடுப்பில் வைத்தபடி பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு எங்கள் வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“ஏ தம்பி! குழாயை மறிச்சு ஆஸ்பத்திரியக் கொண்டாந்து வச்சிட்டு நீ பாட்டுக்குச் சோறு திங்கப் போயிட்டியே. நான் எங்கிட்டுப் போய்த் தண்ணி பிடிக்க?”

“பொறுங்கக்கா, இப்ப அணைஞ்சிரும்” என்றார் இவர், வாயில் சோற்றோடு.

கேமரா கீ கீ என்று கத்தியது. விளக்கு சிவந்து அணைந்தது. இருமல் பாதியில் நின்றது, சாக்கடை வந்தது, குழாய் வந்தது, மதினி குடத்தை வைத்தார். அவ்வளவுதான்.

கேமரா எதற்கு என்றால், தெருவில் நிறுத்தியிருந்த எங்கள் காரின் கதவை எவனோ தன் வண்டியால் உரசி இழுவிவிட்டுப் போய்விட்டான், எவன் என்று தெரியவில்லை. வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற மைதீன் பாய்தான் சொன்னார், சாதாரணமாக மாட்டினால் சாவியைத் திருப்பியதும் கேமரா தூங்கிவிடும், பேட்டரியிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்துக் கொடுத்தால் வண்டி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் முழித்திருந்து பார்க்கும் என்று. வயரின் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் வைத்தார். பேட்டரி ரொம்ப இறங்கிவிட்டால் அந்தப் பெட்டி கத்திச் சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்துவிடும், அப்போதுதான் மறுபடி வண்டி கிளம்புவதற்குப் பேட்டரியில் மிச்சம் இருக்கும்.

ஆஸ்பத்திரி விஷயத்தை இவர் போய்ச் சொன்னபோது மைதீன் பாய் வந்து மூடியைத் திறந்து எல்லா வயரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“வயரிங்ல தப்பில்ல அண்ணே. வண்டி கடைசியா எங்க நின்னுச்சோ அந்த இடத்தை விட மாட்டேங்குது. புதுசுல்ல, பழகிரும்.”

கேமரா பழகவில்லை, தெருதான் பழகிக்கொண்டது. கார் வருகிற சத்தம் கேட்டால் ஆளுக்கொரு வேலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். குற்றாலம் போய்வந்த அன்றைக்குக் குடமும் பக்கெட்டும் வரிசை கட்டி நின்றன, அருவியில் சோப்பு போடக்கூடாது என்று ஒரு சண்டையும் நடந்தது. கொடைக்கானல் வந்த அன்றைக்கு வெயிலில் மேலெல்லாம் வேர்க்குரு வந்த பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றி உள்ளே நிறுத்தி வைத்தார்கள். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டு வந்தபோது ஒருத்தர் உள்ளே போய் மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தார், மிச்சச் சில்லறை வாங்குவதற்குள் விளக்கு சிவந்துவிட்டது என்று எங்களிடம் வந்து கோபித்துக்கொண்டார். நிறைய நாள் ஒன்றுமே இருக்காது, கல்யாண மண்டபத்தின் பின்வாசலும் எச்சில் இலையும் வரும், இல்லையென்றால் பெட்ரோல் பங்கு வரும், அன்றைக்கெல்லாம் பூமயில் மதினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “என்ன தம்பி, ஊரே கிடைக்கலையா உனக்கு? மூஞ்சியைப் பாரு, எச்சி இலையைக் கொண்டாந்துருக்கு” என்பார். வெளியூரில் நிறுத்தும்போது மட்டும் இவர் இறங்குவதற்கு முன்பே வயரைப் பிடுங்கிவிடுவார், சவாரி வந்தவர்கள் எதையாவது பார்த்து மிரண்டு வேறு வண்டிக்குப் போய்விடக்கூடாதே என்று.

ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை அணைந்தால் அணைந்ததுதான். பிறகு எத்தனை தடவை உசுப்பினாலும் எங்கள் சாக்கடைதான் தெரியும், உள்ளே நின்றவர் அந்த ஊரோடு போக வேண்டியதுதான்.

நான் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. எனக்குக் கூட்டமென்றால் ஆகாது. நாலு பேர் நிற்கிற இடத்தில் சேலை முந்தானையை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியாது, கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன், அதுவும் அருவியையோ மலையையோ பார்க்க மாட்டேன், என் மகள் கனிஷ்காவைப் பார்ப்பேன். அவளுக்கு அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது. தெருப் பிள்ளைகளிலேயே அவள்தான் முதலில் உள்ளே ஓடுவாள், அவள்தான் கடைசியில் வெளியே வருவாள். உலை கொதிக்கும், எனக்குக் காது அந்தக் கீ கீயிலேயே இருக்கும். சட்டினி அரைக்கிறபோது மிக்ஸியை நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வந்து, “கனி!” என்பேன், என் சத்தம் எனக்கே கேட்காது, ஆனாலும் அவள் வந்துவிடுவாள், ஏனென்றால் கீ கீ என்றால் வெளியே வரவேண்டும் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சத்தம் ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள்.

தெருவுக்கு நேரம் போதவில்லை. பாதிக் குடம் நிறைவதற்குள் அருவி போய்விடுகிறது, பிள்ளைக்குக் குளிர் ஏறுவதற்குள் மலை போய்விடுகிறது. மைதீன் பாய் கடையை மூடிவிட்டு வருகிற வழியில் அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

“அந்தப் பெட்டிதான பாய் அணைக்குது? அதைப் பிடுங்கிட்டு வயரை நேராக் குடுத்துருங்களேன்.”

“குடுக்கலாம். பேட்டரி கடைசிச் சொட்டு வரைக்கும் எரியும். அப்புறம் கத்தாது கித்தாது, பொசுக்குன்னு போயிரும். வண்டியும் கிளம்பாது.”

“தள்ளுறோம் பாய்! இத்தனை ஆம்பளை எதுக்கு இருக்காக?” என்றார் பூமயில் மதினி. “திங்கிறதுக்கு மட்டுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, உள்ளே வந்த இவரிடம் மட்டும் சொன்னேன்.

“அந்தச் சத்தம் இல்லைன்னா நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது? பிள்ளை உள்ள இருப்பாளே.”

“நான் இருக்கேன்ல. பார்த்துக்கிறேன்.”

“நீங்க தூங்கிருவீக.”

“அட, ஒரு தெருவே நிக்கிது முனீசு. நீ ஒருத்திதான் பயப்படுற.”

பாய் பெட்டியைப் பிடுங்கிவிட்டார், அதற்குப் பிறகு காலையில் எங்கள் கார் தெருவே கூடித் தள்ளினால்தான் கிளம்பும். அதுவும் பழக்கமாகிவிட்டது. பல் விளக்கிக்கொண்டே தள்ளுவார்கள், தள்ளிக்கொண்டே இன்றைக்கு எந்த ஊர் என்று கேட்பார்கள், இவரும் ராஜா மாதிரி உள்ளே உட்கார்ந்து பதில் சொல்வார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளாது. கார் வந்து நின்றால் உட்கார மாட்டேன், நிற்க மாட்டேன், அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பேன், அடுப்பில் எது தீய்ந்தாலும் நடப்பேன். “உன் மருமக காலுல சக்கரமா கட்டியிருக்கு?” என்று என் மாமியாரிடமே கேட்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் விடியுமுன் கிளம்பி, ஒரு குடும்பத்தை மூக்கையூரில் இறக்கிவிட்டு மத்தியானம் திரும்பி வந்தார். சாவியைத் திருப்பினார். தெருவில் கடல் கிடந்தது.

கட்டில் அகலம்தான். ஆனாலும் அலை வந்தது, வந்து எங்கள் சாக்கடை விளிம்பு வரைக்கும் நுரையைக் கொண்டு வைத்துவிட்டுப் போனது. தெருவில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததில்லை, பார்த்த மீதிப்பேரும் கல்யாணமான புதிதில் பார்த்ததுதான். வீட்டுக்கு வீடு ஆள் இறங்கி வந்தார்கள். மஞ்சள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பூமயில் மதினி காலை நனைத்தார், வயசுப் பெண் மாதிரிக் கூச்சல் போட்டார். உப்பு வாடை எங்கள் அடுப்படி வரைக்கும் வந்தது. நான் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், இவர் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்திருந்தார், சாய்ந்தவர் குறட்டையே விட்டுவிட்டார்.

முதலில் குறைந்தது அந்த வாடைதான். எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. உப்பு குறைகிறது, சாக்கடை வாடை ஏறுகிறது என்று கை மாவோடு வாசலுக்கு வந்தேன். கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. அலைச் சத்தம் பக்கத்து வீட்டு டிவியைக் குறைத்த மாதிரிக் குறைந்துகொண்டிருந்தது, ஒருத்தருக்கும் கேட்கவில்லை, அவர்கள் கூச்சல் அப்படி. சத்தம் குறைவதைப் பார்த்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒவ்வொருவராக வெளியே வர ஆரம்பித்தார்கள் என்று சொல்லத்தான் ஆசை, யாரும் அப்படி வரவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் மேல் சாக்கடை முளைத்ததும்தான் “ஐயோ போகுது போகுது” என்று விழுந்தடித்து வந்தார்கள். கட்டில் அகலம் பாய் அகலம் ஆகி, கதவு அகலம் ஆனது. அந்தக் கதவுக்கு அங்கிட்டு, தூரத்தில், என் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நண்டைத் துரத்திப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் யாரை இடித்தேன், யாரை மிதித்தேன் என்று தெரியாது. மாவுக் கையால் ஒருத்தர் வெள்ளைச் சட்டையைப் பிடித்துத் தள்ளியது மட்டும் ஞாபகம். “ஏத்தா முனீசு, போகாதே!” என்று மதினி கத்தியது முதுகில் கேட்டது, அந்தச் சத்தத்தின் பின்பாதி கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். தெரு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலும் மணலும்தான், அதற்கு ஓரமே இல்லாமல் கிடந்தது.

“அம்மா, நண்டு குழிக்குள்ள போயிருச்சு” என்றாள் கனிஷ்கா. பிறகு என் பின்னால் பார்த்தாள். “அப்பா எங்க?”

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்த பிறகுதான் என்னையே பார்த்தேன். செருப்பில்லை, போனில்லை, கையில் காய்ந்த மாவு. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். அவர்களில் அந்தோணியம்மாள் என்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவ்வளவு நேரம் இங்க ஒரு தெரு நின்னுச்சே, அந்தத் தெருப் பிள்ளையா நீ?”

தலையை ஆட்டினேன்.

“எங்க கருவாட்டு மேலயே நின்னுச்சும்மா. ஒதுங்கச் சொல்லிப் பார்த்தோம், எங்க கேட்டாக? அந்த மஞ்சச் சேலைக்காரி ஒருத்தி இருக்காளே, அவ வாய்க்கு முன்ன அலையே கேக்கல.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. போன் வேண்டும் என்று கேட்க வேண்டும். முந்தானையை இழுத்து இழுத்துச் செருகினேன். பிள்ளை இடுப்பில் கனத்தாள். கேட்டேன். காரின் பின்கண்ணாடியில் எழுதியிருக்கிற போன் நம்பரை, வாசல் தெளிக்கும்போதெல்லாம் பார்க்கிற நம்பரை, ஒவ்வொன்றாகச் சொன்னேன், அந்தோணியம்மாள் அழுத்தினார்.

எடுத்தவுடன் இவர் பேசவில்லை, தெருவே பேசியது. இருக்காளா, பிள்ளை இருக்காளா, மூச்சு இருக்கா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

“இருக்கா. நல்லாருக்கா” என்றேன். “நீங்க வாங்க.”

“வண்டி கிளம்ப மாட்டேங்குது முனீசு!” இவர் குரல் சின்னப்பிள்ளை மாதிரி இருந்தது. “மொத்தமாச் செத்துருச்சு. தெரு முழுக்கத் தள்ளியாச்சு, அசையல. பாய் பழைய பேட்டரி எடுக்கப் போயிருக்காரு. நீ அங்கேயே இரு. நகராத. எங்கேயும் போயிராத.”

நகராமல் எப்படி இருப்பது? மணலில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கும் நடந்தேன். கனிஷ்காவின் கையை விடவில்லை, அவள் நண்டுக்கு இழுத்தால் நண்டுக்குப் போனேன், சிப்பிக்கு இழுத்தால் சிப்பிக்குப் போனேன். தண்ணீர் பக்கம் இழுத்தால் மட்டும் போகவில்லை. எந்த நிமிஷம் இதுவும் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பிக்கும் என்று பார்த்துப் பார்த்து நடந்தேன், ஓரம் இருந்தால்தானே சுருங்க.

“உக்காரும்மா” என்றார் அந்தோணியம்மாள். “மணலோட உனக்கு என்ன கோவம்?”

“இது அணைஞ்சிராதுல்லக்கா?”

“எது?”

“இந்தக் கடல்.”

அவர் சிரிக்காமல் சொன்னார்: “நான் பிறந்ததுல இருந்து அணையலம்மா.”

இருந்தாலும் நான் உட்காரவில்லை. பிள்ளைக்குச் சோறும் மீன்குழம்பும் கொடுத்தார்கள், நின்றுகொண்டே ஊட்டினேன்.

வெயில் சாயும்போது எங்கள் கார் வந்தது. வழியில் எங்கேயும் நிறுத்தாமல், டீ கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. சிமெண்டு ரோடு மணலில் முடிகிற இடத்தில் காரை நிறுத்தினார், சாவியைத் திருப்பினார், கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்து பிள்ளையை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அந்த அவசரத்தில் வயரைப் பிடுங்க மறந்துவிட்டார்.

காரின் மூக்குக்கு முன்னால் மணலில் எங்கள் தெரு வந்தது.

வண்டி கடைசியாக நின்றது அங்கேதானே. சாக்கடை, குழாய், மத்தியானம் நான் இடித்துத் தள்ளிய அத்தனை பேரும் அந்த இடத்தைவிட்டுப் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள், வெள்ளைச் சட்டையில் என் மாவுக் கை அப்படியே இருந்தது. எங்களைப் பார்த்ததும் ஒரே சத்தம்.

“வந்துருச்சு! இந்தா நிக்கிறாக! ஓடியா முனீசு, பிள்ளையத் தூக்கிட்டு ஓடியா!”

“போயிரு” என்றார் இவர், பிள்ளையை என்னிடம் நீட்டி. “நீயும் பிள்ளையும் வீட்டுக்குப் போயிருங்க. ஒரு எட்டு வச்சா வீடு. நான் வண்டிய எடுத்துட்டு வர்றேன்.”

எட்டு வைத்தால் வீடுதான். எங்கள் கதவு தெரிந்தது, உள்ளே அடுப்படி வெளிச்சம்கூடத் தெரிந்தது. பிள்ளை, “பூமயில் அத்தை!” என்று கையை நீட்டினாள். மதினி சாக்கடை விளிம்பில் மண்டியிட்டு, இரண்டு கையையும் தோள் வரைக்கும் இங்கிட்டு, மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தார், மஞ்சள் சேலை முந்தானை கடல்காற்றில் அடித்துக்கொண்டது.

“குடு தம்பி, பிள்ளையக் கையில குடு! முனீசைப் பிறகு பார்த்துக்கிடலாம்!”

பழைய பேட்டரி. கத்துவதற்குப் பெட்டியும் இல்லை. நான் மதினி முகத்தைப் பார்க்கவில்லை, மூக்கால் பார்த்தேன். தெருவிலிருந்து வருகிற சாக்கடை வாடை, மண்ணெண்ணெய் வாடை, யார் வீட்டிலோ தாளிக்கிற வாடை எல்லாம் இருந்தது. இருந்தது குறைந்தது. மதினியின் வலது கை ஓரத்தில் குழாய் மங்கியது.

“கையை எடுங்க!”

அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது. கருவாட்டுக்குக் காவல் இருந்த நாய் எழுந்து நின்றது. தெருவில் அத்தனை பேரும் வாயை மூடிவிட்டார்கள்.

“கையை எடுங்க மதினி! உள்ள இழுங்க! எல்லாரும் தள்ளி நில்லுங்க, பிள்ளைகளப் பிடிச்சுக்கோங்க! நாங்க யாரும் இதுக்குள்ள வர மாட்டோம். ரோட்டு வழியாத்தான் வருவோம். நேரமானாலும் ரோட்டு வழியாத்தான் வருவோம்.”

“ஏத்தா, எட்டு வச்சா வீடுடி...”

“எடுங்கன்னு சொல்றேன்ல!”

மதினி கையை இழுத்துக்கொண்டார். நான் காரைச் சுற்றி ஓடினேன், திறந்து கிடந்த கதவு வழியாகக் குனிந்து, இவர் எப்போதும் பிடுங்குகிற அந்த வயரைத் தேடிப் பிடித்து இழுத்தேன். பச்சை விளக்கு போனது. தெருவும் கதவும் அடுப்படி வெளிச்சமும் அவ்வளவு முகங்களும் போய், அந்த இடத்தில் அந்தோணியம்மாள் காயப்போட்ட கருவாடு கிடந்தது.

பிள்ளை அப்பா தோளில் அழுதாள், பிறகு கொட்டாவி விட்டாள்.

இவர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கார் ஒரு தடவை முனகியது. இன்னொரு தடவை முனகவும் இல்லை.

“தள்ளணும் முனீசு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பிள்ளையை முன்சீட்டில் படுக்கவைத்துவிட்டுப் பின்னால் போனேன். அந்தோணியம்மாளும் மற்றவர்களும் கருவாட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னோடு வந்து நின்றார்கள். காரைத் திருப்பி ரோட்டைப் பார்க்க நிறுத்துவதற்கே மூச்சு முட்டியது. என் கை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவில்லை, வைத்தேன், நம்பர் எழுதியிருக்கிற கண்ணாடிக்குக் கீழே. தள்ளினோம். செருப்பில்லாத காலுக்குச் சிமெண்டு இன்னும் சுட்டது. கார் நகர்ந்தது, நகர்ந்து ஓடியது, ஒரு குலுங்கு குலுங்கி உயிர் வந்து, கறுப்புப் புகையை எங்கள் மேல் விட்டுவிட்டு, எங்கள் கையை விட்டுக் கிளம்பியது.

“நிறுத்தாதீங்க!” என்று கத்தினேன். “அணைச்சிராதீங்க! மெதுவாப் போங்க, நான் வந்து ஏறிக்கிறேன்!”

அந்தோணியம்மாள் பின்னாலிருந்து சிரித்தார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.